எட்டப்பன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி

நாகமலை புதுக்கோட்டையில இருந்து பேசுறேன். ஊர் பேரைச் சொன்னாலே, "தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டையா?"ன்னு கேப்பாங்க. அது வேற. எங்களோடது மதுரையில இருந்து தேனி போற ரோட்டுல இருக்கு. ஆனா இன்னைக்குக் கதையில அந்தப் புதுக்கோட்டையும் வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

போன மாசம் ஆபீஸ்ல, சரியா டெஸ்ட் பண்ணாம ராத்திரியோட ராத்திரியா ஒண்ணை டெப்ளாய் பண்ணிட்டோம். யாரோ மேனேஜர்கிட்ட சொல்லிட்டாங்க. "யாருடா அந்த எட்டப்பன்?"னு நான் சிரிச்சுக்கிட்டே கேட்டேன். பக்கத்து சீட் நண்பன் மட்டும் சிரிக்கல. "எனக்கு எட்டயபுரம்டா. ஸ்கூல் படிக்கும்போதுல இருந்து இதைக் கேட்டுட்டு இருக்கேன்"னான்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு பல காலமா இருந்தது. கம்பெனி அதை நல்லா பயன்படுத்திக்கிட்டது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பினார். எட்டயபுரம் படை அவரைத் துரத்தியது உண்மை. போர் முடிஞ்ச பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் எட்டயபுரம் பங்கு வாங்கியதும் உண்மை. அதை நான் மறைக்கப் போறதில்லை.

ஆனா கட்டபொம்மன் கடைசியா பிடிபட்டது எங்கே? திருக்களம்பூர் காட்டில். அது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை. பிடிச்சு ஒப்படைச்சது தொண்டைமான் ஆட்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கில் போட்டது பானர்மேன்.

இப்போ யோசிங்க. தூக்குல போட்டவர் பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? பிடிச்சுக் கொடுத்த தொண்டைமான் பேரு வசைச்சொல்லா மாறலை. எட்டப்பன் மட்டும் ஏன் மாறினான்?

எனக்குத் தோணுறது இதுதான். கப்பல் ஏறிப் போனவன் மேல கோபத்தை எத்தனை காலம் வெச்சிருக்க முடியும்? அவன் கண்ணுலயே படமாட்டான். பக்கத்து ஊர்க்காரன் தினமும் சந்தையில எதிர்ல வருவான். போதாததுக்கு 1959ல வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அந்தக் கோபத்தை ஒரு முகத்தோட வீடு வீடா கொண்டு போச்சு. வெள்ளைக்காரன் மேல இருந்த கோபம் ஆறிடுச்சு. அண்டை ஊர் மேல இருந்தது அப்படியே நின்னுடுச்சு.

இதுல இன்னொண்ணும் இருக்கு. 1750களில் கம்பெனி தளபதி யூசுப் கானை எதிர்த்து மோதி உயிரை விட்ட அழகுமுத்துக்கோன் நின்னது எட்டயபுரம் பக்கம். அதே யூசுப் கான் பின்னாடி கம்பெனியையே எதிர்த்து, 1764ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் அடக்கமான சம்மட்டிபுரம் வழியாத்தான் நான் டவுனுக்குப் போறேன். அங்கே அவருக்கு தர்கா இருக்கு. புலித்தேவனோட போரிட்டவர்னு யாரும் அவரைத் திட்டுறதில்லை. ஒரே தலைமுறைக்குள்ள கட்சி மாறின காலம் அது. அதுல ஒரு ஊரை மட்டும் ஒரே ஒரு பக்கத்துல ஆணி அடிச்சு வெச்சிருக்கோம்.

கடைசியா ஒண்ணு. எட்டப்பன்கிறது ஒரு தனி ஆளோட பேர் இல்லை, அந்த வம்சத்தோட பட்டம். அது வந்த கதையை அந்த வம்சத்துல இப்படிச் சொல்றாங்க: முன்னோர் ஒருத்தர் சண்டையில ஒரு மல்லனைக் கொன்னுட்டார். செத்தவனோட எட்டுத் தம்பிகளும் ஆதரவில்லாம நின்னாங்க. அந்த எட்டுப் பேரையும் தன் பிள்ளைகளா ஏத்துக்கிட்டதால அவர் 'எட்டப்பன்' ஆனார். கதை நிஜமோ இல்லையோ, பகையை அதோட முடிச்சுக்கிட்ட ஒருத்தரோட பேரைத்தான் நாம பகைக்கு வெச்சிருக்கோம்.

மறுநாள் நண்பன்கிட்ட "சாரிடா"ன்னேன். "சரி விடு, டீ வாங்கிக் கொடு"ன்னான். வாங்கிக் கொடுத்தேன்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு பேர் வசவா சுத்திக்கிட்டு இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.