நிலம் அளந்த கைதி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் என்ற கைதிக் குடியேற்றத்துக்குத் தண்டனை பெற்று வந்து பின்னர் உயர்ந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆளுநர் மெக்குவாரியின் பெருந்தன்மையைப் புகழ்வது வழக்கம். ஐரிஷ்காரரான ஜேம்ஸ் மீஹானையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஆனால் மீஹான் முழு மன்னிப்புப் பெற்றது 1806-ல். மெக்குவாரி பொறுப்பேற்றதோ 1810-ல். அவருடைய விலங்கை அவிழ்த்தது காலனியின் நிலப்பசிதான் என்பது என் கருத்து.

மீஹான் 1774-ல் அயர்லாந்தின் கிங்ஸ் கவுன்டியில், இன்றைய ஆஃபலியில் பிறந்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஐரிஷ் குலத்தாரிடமிருந்து பறித்து ஆங்கிலேயருக்குப் பங்கிட்ட மண் அது. 1650-களில், ஆங்கிலத் தளபதி குரோம்வெல்லின் படையெடுப்புக்குப் பிறகு, வில்லியம் பெட்டியின் ஆட்கள் பறிமுதல் நிலங்களை அளந்து வரைபடமாக்க, அவை படைவீரர்களுக்கும் போருக்குப் பணம் போட்டவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. நில அளவையின் அரசியலை அந்த ஊர்க்காரருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்காது. அந்தத் தொழிலையே கற்ற மீஹான், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 ஐரிஷ் எழுச்சியில் சிக்கி நாடுகடத்தப்பட்டு, 1800 பிப்ரவரியில் 'ஃபிரெண்ட்ஷிப்' கப்பலில் சிட்னிக்கு வந்தார். சில மாதங்களிலேயே அவரை நில அளவை அதிகாரி சார்ல்ஸ் கிரைம்ஸிடம் உதவியாளராக ஒப்படைத்தார்கள். 1803-ல் கிரைம்ஸ் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது வேலையில் பெரும் பங்கு இவர் தலையில் விழுந்தது. நிபந்தனை மன்னிப்புக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு காசில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் கிளர்ந்தெழுந்தபோது, ஆளுநர் கிங்கின் நிர்வாகம் ஒன்பது பேரைத் தூக்கிலிட்டது. ஐரிஷ்காரர்களுக்கு அவ்வளவு அஞ்சிய ஓர் ஆட்சி இவரை விடுவித்தது என்றால், காரணத்தை அவர் கையிலிருந்த தொழிலில்தான் தேட வேண்டும்.

'திறமைக்குக் கிடைத்த மரியாதைதானே இது?' என்று கேட்கலாம். திறமை மறுக்க முடியாதது. 66 அடி நீளம், நூறு கண்ணிகள் கொண்ட இரும்புச் சங்கிலியைப் புதர்க்காட்டில் இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, திசைகாட்டி பார்த்துக் கோணங்களைக் களக் குறிப்பேட்டில் எழுதி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்று கணக்கிடும் வேலை. வெயிலும் மழையும் பாராமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்தார். சிட்னி, ஹோபார்ட் வரைபடங்களில் அவர் உழைப்பு இருக்கிறது. ஆனாலும் 1812-ல் தலைமைப் பதவி ஜான் ஆக்ஸ்லி என்ற கடற்படை அதிகாரிக்குப் போனது. மீஹான் துணை அதிகாரியாகவே நின்றார். திறமைக்கு மரியாதை என்றால் அந்த நாற்காலி யாருக்குப் போயிருக்க வேண்டும்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நிலம் பறிகொடுத்த இனத்தில் பிறந்தவர், சிட்னிப் பகுதிப் பூர்வகுடிகளான தாருக், தரவால் மக்களின் நிலத்தைத் துண்டுபோட உதவினாரே, அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிக்க நான் முயலவில்லை. மெக்குவாரி ஃபீல்ட்ஸில் அவரே மானிய நிலம் பெற்றார். அதற்குத் தெற்கே ஆப்பினில், 1816 ஏப்ரலில், மெக்குவாரி அனுப்பிய படையினர் தரவால் மக்களைக் கொன்றார்கள். கைதியாக இருந்தவரை அவருக்குத் தேர்வு இல்லை. 1806-க்குப் பிறகு இருந்தது. ஆனால் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அளக்கச் சொன்னவர்களும் பட்டா கொடுத்தவர்களும் தப்பிவிடுவார்கள். பேரரசு அயர்லாந்தில் பழகிய முறையை, அயர்லாந்தின் கைதியைக் கொண்டே ஆஸ்திரேலியாவில் நடத்திக்கொண்டது. 1826-ல் இறக்கும்போது மீஹான் நிலவுடைமையாளர். அவர் அளந்த நிலத்தின் பழைய உரிமையாளர்களில் பெரும்பாலோருக்கோ ஒரு பத்திரம்கூட எழுதப்படவில்லை.