ஹர்டி-கர்டியும் சோதனை நாட்டார் இசையும்

ஹர்டி-கர்டி: கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஐரோப்பிய நரம்பிசைக் கருவி. ரோசின் பூசிய மரச்சக்கரமே இதில் வில். இடக்கை விரல்கள் விசைகளை அழுத்த, அவற்றில் பொருத்திய சிறு கட்டைகள் நரம்பைத் தொட்டுச் சுரத்தை மாற்றும். சக்கரம் உரசும் இடத்தில் நரம்புக்குப் பஞ்சு சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கிறீச்சிடும். சுருதி நரம்புகள் ஓயாமல் ஒலிக்கும். அவற்றில் ஒன்றைத் தாங்கும் தளர்வான குதிரைக்குப் பிரெஞ்சு வழக்கில் 'நாய்' என்று பெயர். கைப்பிடியை வெட்டிச் சுழற்றினால் அந்தக் குதிரை பலகையில் அதிர்ந்து 'சர்ர்' எனத் தாளம் தரும்.

நடுப் பிரான்சின் கிராம நடனங்களில் ஒலித்த இக்கருவியை இசைக்கலைஞர் வாலந்தான் கிளாஸ்திரியே மின்-ஒலிக் கருவியாக்கி, ஜாஸ் கலைஞர்களுடன் 1992இல் 'எரெசி' இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஜப்பானின் கெய்ஜி ஹைனோ 1990களில் இதை இரைச்சல் இசைக்குள் இழுத்தார். பிரெஞ்சுக் கலைஞர் யான் கூர்தோன் இன்னும் துணிச்சலானவர்: மெட்டைக் கிட்டத்தட்டக் கைவிட்டு, சுருதியையே இசையாக்கினார். பாஸ் கிட்டார், டிரம்ஸ் சேர்ந்த அவரது 'பிரான்ஸ்' மூவர் குழு ஒரே தாளத்தை நெடுநேரம் நிறுத்தாமல் வாசிக்கும். பொறுமையற்றவர்களுக்கு இது ஒத்துவராது. நடுப் பிரான்சின் ஓவேர்ன் வட்டாரத்து மரபிசையை இதே போக்கில் அணுகும் 'லா நோவியா' கலைஞர் கூட்டமைப்பிலும் அவர் முக்கியமானவர்.