சிவப்பு அடையாளக் கார்டு

1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தின்படி, பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த மலாக்காவில் பிறந்து, நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமை உண்டு. எல்லைக்கு அப்பால், ஜொகூரில் பிறந்த தமிழருக்கோ கூடுதல் நிபந்தனைகள். ஆனால், மலாக்காவில் பிறந்ததற்குச் சான்று வேண்டுமே! லயத்தில் பிறந்த குழந்தைக்கு மருத்துவச்சிதான் சாட்சி; பிறப்புப் பத்திரம் எடுக்கத் தவறியவர்கள் உண்டு.

குடியுரிமை பெறாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல், பல்லாண்டு பால்மரம் வெட்டிய கைக்கும் வேலை பெர்மிட் தேவைப்பட்டது. அது கிடைக்காமல் பல்லாயிரவர் சேமநிதிப் பணத்துடன் தமிழகம் திரும்பினர். ரஜூலா கப்பலில் ஏறியவர்களுள், 1957 சுதந்திரத்துக்குப் பின் இங்கே பிறந்து, பிறப்பாலேயே குடிமக்களான குழந்தைகளும் இருந்தார்கள்.