பீப்பாய் மீன் மகளான கதை

போன மாசம் தாடிக்கொம்புல ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில ஆறு பேர் உட்கார்ந்து டூர் பிளான் போட்டுக்கிட்டு இருந்தோம். எங்க ஊர் குடகனாற்றங்கரை ஊர். கடல் பார்க்கணும்னா தூத்துக்குடியோ ராமேஸ்வரமோ போகணும், எந்தப் பக்கம் போனாலும் மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். நாங்க எல்லாரும் நீச்சல் பழகினது கிணத்துலதான். முதுகுல காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி மேலேயிருந்து தள்ளி விடுவாங்க. கேன் இருக்கிற வரைக்கும் நினைச்சாலும் முங்க முடியாது. அந்தக் கேனை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ஒருத்தன் போன்ல ஒரு ரீல்ஸ் காட்டினான். மாலத்தீவு. நீலத் தண்ணியில, உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளியோட ஒரு பிரம்மாண்டமான மீன். பக்கத்துல நாலு பேர் நீந்திட்டு இருக்காங்க. "டேய், இது கடிக்காதாடா?"ன்னு ஒருத்தன் கேட்டான். கடிக்காது. அது திமிங்கலச் சுறா. பேர்ல திமிங்கலம் இருந்தாலும் மீன்தான், உலகத்திலேயே பெரிய மீன். 18 மீட்டர் வரைக்கும் வளரும், அதாவது நம்ம பஸ்ஸை விட நீளம். ஆனா சாப்பிடறது மிதவை உயிரிகளையும் குட்டி மீன்களையும். வாயைத் திறந்து தண்ணியை வடிகட்டிக்கிட்டே போகும்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு வேற ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு சாதுவான மீனோட நீந்தணும்னு மனுஷனுக்கு எப்போ தோணுச்சு? அதுக்கு முன்னாடி அதை என்ன பண்ணிட்டு இருந்தான்? தேடிப் படிச்சப்போ ஒண்ணு கவனிச்சேன். இந்த மீன் நம்மகிட்ட பட்ட பாடு, நாம அதுக்கு வச்ச பேரோட சேர்ந்தே மாறியிருக்கு.

1828-ல ஆரம்பிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் டேபிள் பே என்ற விரிகுடாவில் மீனவர்கள் ஒரு விசித்திரமான மீனை ஈட்டி எறிந்து பிடித்தார்கள். சுமார் 15 அடி. அங்கே பிரிட்டிஷ் படையில் மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ ஸ்மித் அதை ஆராய்ந்து, அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதன் தோல் இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதுல ஒரு கூத்து: ஸ்மித் வச்ச பேர் பத்திரிகையில அச்சேறும்போது எழுத்து மாறிப்போச்சு. எந்த எழுத்துக்கூட்டல் சரிங்கிற தகராறு தீர்ந்து, 'ரின்கோடான்' என்று முடிவானது 1984-லதான். நம்ம ரேஷன் கார்டுல பேர் திருத்த அலையறதெல்லாம் ஒண்ணுமே இல்லை!

நம்ம பக்கமும் இந்த மீன் புதுசு இல்லை. 1883-லேயே இலங்கையின் மேற்குக் கரையில் கிடைத்ததை ஏ. ஹேலி என்பவர் பதிவு செய்திருக்கிறார். 1889-ல் சென்னைக் கரையில் 22 அடி நீளமுள்ள ஒன்று ஒதுங்கியது. அதைக் குறித்து வைத்தவர் அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன். கரை ஒதுங்கும், அளப்பார்கள், எழுதுவார்கள். உயிரோடு தண்ணீருக்குள் போய்ப் பார்க்கும் யோசனையே அப்போது யாருக்கும் இல்லை.

இப்போ 1947. இதுவும் ஆறு பேர் போன ஒரு பயணம்தான். தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரரும் அவருடைய ஐந்து தோழர்களும் 'கோன்-டிக்கி' என்ற கட்டுமரத்தில் பெருவிலிருந்து பாலினேசியா நோக்கிப் பசிபிக்கில் மிதந்தார்கள். ஒருநாள் ஒருவர் பின்பக்கம் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் எதிரே அகன்ற வாயோடு ஒரு தலை. திமிங்கலச் சுறா. அது ரொம்ப நேரம் கட்டுமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, யாரையும் எதுவும் செய்யவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவரான எரிக், முழு பலத்தோடு ஈட்டியை அதன் தலையில் இறக்கினார். மீன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது. நண்பர்கள் குரூப்ல ஒருத்தன் உசுப்பேத்த, இன்னொருத்தன் செஞ்சுடுவான்ல, அந்த மாதிரிதான் எனக்குத் தோணுச்சு. அவங்க கெட்டவங்க இல்லை. பெரிய மீனைக் கண்டா ஈட்டிங்கிறதுதான் அப்போதைய பழக்கம்.

மூணே வருஷத்துல, 1950-ல், ஹான்ஸ் ஹாஸ் என்ற ஆஸ்திரியர் செங்கடலில் இதே மீனோட சேர்ந்து நீந்தி, படமும் எடுத்தார். நாங்க போன்ல பார்த்த ரீல்ஸுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

ஆனா மனசு மாறினது எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல நடக்கலை. நம்ம நாட்டுலேயே குஜராத்தை எடுத்துக்கங்க. வெராவல், மங்ரோல் கரைகளில் இந்த மீனின் ஈரல் எண்ணெயை மரப்படகில் தண்ணீர் ஊறாமல் இருக்கத் தடவுவார்கள். அதுக்கு சில மீன்கள் போதும். 1990-களில் தைவானிலிருந்து இறைச்சிக்குக் கிராக்கி வந்தது. அங்கே இதுக்கு 'டோஃபு சுறா'ன்னு பேர், சதை அவ்வளவு மிருது. ஏற்றுமதி பிடித்துக்கொண்டதும் வேட்டை தொழிலாகவே ஆனது. எப்படின்னா, கொக்கியைக் குத்தி, கயிற்றோடு பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டி விடுவார்கள். மீன் கீழே முங்கப் பார்க்கும், பீப்பாய் மேலே இழுக்கும். களைத்துப்போகிற வரை இது நடக்கும். பிறகு கரைக்கு இழுத்து வருவார்கள். எங்க கிணத்துக் கேன் எங்களை முங்க விடாம காப்பாத்துச்சு. அதே வித்தை அந்த மீனைக் கொன்னுது. அந்தக் கரையில் மீனுக்கே 'பேரல்' என்றுதான் பெயர்.

மைக் பாண்டே இந்த வேட்டையைப் படமாக்கினார். 2000-ல் வந்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்', 'பசுமை ஆஸ்கர்' என்று சொல்லப்படும் விருதையும் வாங்கியது. 2001 மே மாதம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணைக்குள் வந்த முதல் மீன் இதுதான்.

சட்டம் வந்துடுச்சு, சரி. ஆனா கடனுக்கு வாங்கின வலையில இது வந்து மாட்டினா மீனவர் என்ன பண்ணுவார்? மீனை விடணும்னா வலையை அறுக்கணும். எனக்கு இந்தக் கதையில முக்கியமான இடம் இதுதான். 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, டாடா கெமிக்கல்ஸ், குஜராத் வனத்துறை எல்லாம் சேர்ந்து பிரசாரம் தொடங்கின. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவை அழைத்தார்கள். அவர் வைத்த பெயர் 'வ்ஹாலி', செல்லமானவள் என்று அர்த்தம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள் இவள், வந்த மகளைக் கொல்வீர்களா என்று கேட்டார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், இல்லையா? நிஜ அளவிலேயே ஒரு பெரிய மீன் பொம்மையை வைத்து ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். அறுத்த வலைக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. அதற்கப்புறம் அந்தக் கரை மீனவர்கள் தங்கள் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான மீன்களைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிவாரணம் கிடைத்தாலும் அன்றைய மீன்பாடு போனது போனதுதான்.

அந்த 'பிரசவ' உவமைக்குப் பின்னால் ஒரு கசப்பும் இருக்கு. இந்த மீன் முட்டையிடுமா, குட்டி போடுமா என்பதே ரொம்ப காலம் உறுதியாகத் தெரியாது. 1995-ல் தைவானில் ஈட்டியால் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. அப்போதுதான் விடை கிடைத்தது. தாயைக் கொன்னுதான் தாய்னு தெரிஞ்சுக்கிட்டோம்.

தமிழ்லயும் இதுக்குப் பேர் இருக்கு: அம்மணி உழுவை. நம்ம கடலோர மீனவர்கள் சொல்ற பேர். மாடியில இதைச் சொன்னதும் எல்லாருக்கும் சிரிப்பு. தாடிக்கொம்புலேர்ந்து கரூர் ரோட்டைப் பிடிச்சுப் போனா, பொண்ணுங்களை 'அம்மிணி'ன்னுதானே கூப்பிடுவாங்க! உழுவைன்னா பழந்தமிழ்ல புலி. கடற்புறத்துல அது வேற சில மீன்களுக்கும் பேர். ஆனா பாருங்க, 2001-ல சட்டம் இந்த உழுவையை உட்கார வச்சது புலி இருக்கிற அதே அட்டவணையில.

சரி, எங்க டூர் என்னாச்சு? பிலிப்பைன்ஸில் ஓஸ்லோப் என்ற ஊர் ஒரு ஆப்ஷனா வந்துச்சு. அங்கே மீனுக்குத் தினமும் தீனி போட்டுப் பழக்கி வச்சிருக்காங்க, போனா பார்த்துடலாம். அது எனக்குப் பிடிக்கலை. கோயில் வாசல்ல யானையைக் கட்டி வச்ச மாதிரி இருக்கு. ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் தீனி கிடையாது. ஒரு மீனோடு ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இறங்கக் கூடாது, உடம்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கணும், தொடவே கூடாது. மாலத்தீவு இந்த மீன் வேட்டையை 1995-லேயே தடை செய்தது. தெற்கு ஆரி பவளத்திட்டில் பாதுகாக்கப்பட்ட பகுதியும் இருக்கு. பட்ஜெட்டுக்கும் அதுதான் ஒத்து வருது. இன்னும் புக் பண்ணலை, ரெண்டு பேருக்கு பாஸ்போர்ட் வரணும்.

உங்கள்ல யாராவது முந்திக்கிட்டுப் போனா ஒரு வேலை செய்யுங்க. செல்ஃபிக்கு முன்னாடி, செவுளுக்குப் பின்னாடி இருக்கிற இடது பக்கப் புள்ளிகளைத் தெளிவா ஒரு படம் எடுங்க. நம்ம கைரேகை மாதிரி, ஒவ்வொரு மீனுக்கும் அந்தப் புள்ளிக் கோலம் வேற. வானத்து நட்சத்திரங்களை ஒப்பிடறதுக்காக எழுதின கணக்கு முறையை வச்சுத்தான் இப்போ ஆய்வாளர்கள் அந்தப் புள்ளிகளைப் பொருத்திப் பார்க்கிறாங்க. ஏற்கெனவே பதிவான மீனா, புதுசான்னு அதுலேயே தெரிஞ்சுடும்.