எப்பாவல வழக்கு: யாரைக் கேட்டுத் தோண்டுவது?

பாடசாலைக் காலத்தில் "அபிவிருத்தியா, சுற்றாடலா?" என்று விவாதம் பண்ணாதவர்கள் எங்களில் குறைவு. ஒரு அணி தொழிற்சாலை வேணும் என்று மேசையில் தட்டும். மற்ற அணி மரம் வேணும் என்று தட்டும். கடைசியில் நடுவராக வந்த ஆசிரியர் எழும்பி, "இரண்டும் சமநிலையில் இருக்க வேண்டும்" என்று சொல்லி முடித்துவைப்பார். எல்லாரும் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம். அந்தச் சமநிலையை யார், எப்படித் தீர்மானிக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

2021இல்தான் அந்தக் கேள்வி எங்கட வீட்டு வாசலுக்கு வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் சடுதியாகத் தடைசெய்தபோது, எங்களில் பலருடைய அப்பாமார் வயலுக்கும் கடைக்குமாக அலைந்தார்கள். அந்த நாட்களில் அடிக்கடி காதில் விழுந்த ஒரு கதை இது: "எப்பாவலையில மலை மலையா பொஸ்பேட் கிடக்கு. அதைத் தோண்ட விடாமல் வழக்குப் போட்டுக் கெடுத்துப் போட்டாங்கள்." இது உண்மையா என்று தேடிப் போனபோதுதான் அந்த வழக்கைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம்.

எப்பாவல அனுராதபுர மாவட்டத்தில் இருக்கிறது. 1971இல் புவிச்சரிதவியல் திணைக்களத்தினர் அங்கே அப்பட்டைட் என்ற பொஸ்பேட் கனியத்தைக் கண்டுபிடித்தார்கள். பொஸ்பரசு இல்லாமல் பயிர் வளராது என்பதால் விவசாய நாடொன்றுக்கு இது பெரிய சொத்து. ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. எப்பாவலக் கல் நீரில் இலகுவில் கரையாது. இடித்துத் தூளாக்கினால் தேயிலை, றப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குப் போடலாம். மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கு அது உதவாது. நெல்லுக்கு வேண்டிய சுப்பர் பொஸ்பேட்டை வெளிநாட்டிலிருந்துதான் எடுத்து வந்தோம். அரசுக்குச் சொந்தமான லங்கா பொஸ்பேட் நிறுவனம் சிறிய அளவில் அகழ்ந்துகொண்டிருந்தது.

1990களில் அமெரிக்கக் கொம்பனிகள் சம்பந்தப்பட்ட ஒரு பெருந்திட்டம் வந்தது. 56 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஆய்வு செய்து 30 வருட காலத்துக்குப் பெருமளவில் அகழ்வது, கல்லைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய் அங்கே பதப்படுத்துவது என்பது யோசனை. ஏறக்குறைய 2,600 குடும்பங்கள், அதாவது 12,000 பேரளவில் இடம்பெயர வேண்டிவரும் என்று பின்னர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அந்தப் பிரதேசம் மகாவலி எச் வலயத்துக்குள் வருகிறது. ஒரு அபிவிருத்தித் திட்டத்தின் பெயரால் குடியமர்த்தப்பட்ட சனத்தையும் இன்னொரு அபிவிருத்தித் திட்டத்தின் பெயரால் எழும்பச் சொன்னார்கள்.

ஊரவர்கள் ஏழு பேர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்தார்கள். அவர்களில் விவசாயிகளும் இருந்தார்கள், அங்குள்ள விகாரையொன்றின் விகாராதிபதியும் இருந்தார். 2000 ஜூன் 2ஆந் திகதி நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க தீர்ப்பை எழுதினார்.

நாங்கள் கேள்விப்பட்ட கதை பிழையென்று அந்தத் தீர்ப்பை வாசித்தபோது விளங்கியது. தோண்டவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முதலில் அங்கே எவ்வளவு கனியம், என்ன தரத்தில் இருக்கிறது என்று நாட்டின் விஞ்ஞான நிறுவனங்களோடு கலந்து ஆராய்ந்து, முடிவைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அதன் பிறகு, திட்டத்தைக் கொண்டுவருபவர் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதியைப் பெற வேண்டும். அதுவரை ஒப்பந்தம் செய்யக் கூடாது. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். 1980இல் வந்த அந்தச் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. ஒப்பந்த வரைவோ அந்த நடைமுறையைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. நீதிமன்றம் பிடித்தது அந்த இடத்தில்தான்.

1972 ஸ்டொக்ஹோம் பிரகடனமும் 1992 றியோ பிரகடனமும் இலங்கையைக் கட்டுப்படுத்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அவற்றை வழிகாட்டிகளாக எடுத்துக்கொண்டது. ஆனால் அதோடு நிற்காமல் எப்பாவலயின் நிலத்தையும் பார்த்தது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஜயகங்கை அந்தப் பகுதியால்தான் ஓடுகிறது. நீளம் 54 மைல். முதல் 17 மைலில், மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிவு. சுரங்கம் வந்தால் இது என்னாகும் என்பதும் வழக்கில் ஒரு கேள்வி. மூன்று வருடத்துக்கு முன், 1997இல், டான்யூப் நதி அணை பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையில் நடந்த வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி எழுதிய தனித் தீர்ப்பும் இதே இலங்கைக் குளங்களைத்தான் உதாரணம் காட்டியது. அபிவிருத்தியும் பாதுகாப்பும் ஒன்றாகப் போகலாம் என்பதற்கு அந்தக் குளங்களே சாட்சி என்பது அவருடைய வாதம்.

"சாப்பாட்டுக்கு வழியில்லாத நாட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களை நாங்கள் ஏளனம் செய்யப் போவதில்லை. வறுமையை ஒதுக்கிவிட்டுச் சூழலைப் பற்றி மட்டும் பேச ஏலாது என்று ஸ்டொக்ஹோம் மாநாட்டிலேயே இந்திரா காந்தி வாதிட்டார். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் இது தெரியும். 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அதே தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக் கல் தோண்டிய குழிகள் இன்றைக்கும் அப்படியே கிடக்கின்றன. எங்கட நன்னீர் அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குள்தான் தங்கி நிற்கிறது என்பதை நினைத்தால் அந்தக் குழிகளின் விலை விளங்கும். தோண்டத் தொடங்கிய காலத்தில் தாக்க மதிப்பீடு கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கவில்லை.

எப்பாவல வழக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் நாங்கள் சொல்லவில்லை. தீர்ப்பு வந்து இருபது வருடம் கழித்தும் நெல்லுக்குரிய பொஸ்பேட்டைப் பெருமளவில் இறக்கித்தான் வாழ்ந்தோம். ஒரு பிழையான ஒப்பந்தத்தை நிறுத்த முடிந்தது. அந்த வளத்தை ஆறுதலாக, அளவாக, எங்கட வயலுக்குப் பயன்படுகிற மாதிரி எடுக்கிற வழியை ஆட்சிக்கு வந்த ஒருத்தரும் ஒழுங்காகத் தேடவில்லை. அந்த அலட்சியத்தின் பழியை வழக்குப் போட்ட ஏழு பேரின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

2021இல் வந்த தடையோ சுற்றாடலின் பெயரால் வந்தது. அதற்கும் முறையான ஆய்வு இல்லை, கமக்காரரைக் கேட்கவும் இல்லை. அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது அந்தப் போகத்துக்கு நேரம் பிந்திவிட்டது. அமெரிக்கக் கொம்பனிக்கு மலையைக் கொடுக்கப் பார்த்ததும், ஒரே இரவில் பசளையை நிறுத்தியதும் எதிரெதிரான முடிவுகள் போலத் தெரியும். அந்த நிலத்தில் வாழ்கிற சனத்தை இரண்டிலும் கடைசியாகத்தான் நினைத்தார்கள்.

இனி எங்கட ஊரில் ஒரு மணல் அகழ்வோ, காற்றாலையோ, இறால் பண்ணையோ வந்தால், ஆதரவா எதிர்ப்பா என்று முகநூலில் சண்டை பிடிக்க முதல் மூன்று விஷயங்களைக் கேட்போம். ஆய்வறிக்கை எங்கே? அது எங்களுக்கு விளங்குகிற மொழியில் இருக்கிறதா? அந்த இடத்துச் சனத்தை யார் போய்க் கேட்டது? எப்பாவலயில் ஏழு பேர் கேட்டார்கள், ஒரு நாட்டின் உயர் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டி வந்தது.