ஜாதிபத்திரியில் வந்த டிவிடெண்ட்

டிவிடெண்ட் தவறாமல் தரும் கம்பெனி நம்பகமானது என்ற எண்ணத்தை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கதையோடு உரசிப் பார்க்கலாம். 1602-ல் ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் பங்குப் பணத்தோடு தொடங்கிய அது, முதல் சில ஆண்டுகள் பங்குதாரர்களுக்கு எதுவும் தரவில்லை. பெரும் பங்குதாரர் ஐசக் லெ மேர் 1609-ல் நிர்வாகத்தின் மேல் புகார் மனு கொடுத்தார். பங்கு விலை விழுந்தால் ஆதாயம் பார்க்கும் பேரத்திலும் அவர் இறங்கியிருந்தார் என்பதால் அந்த மனுவில் சுயநலமும் உண்டு. 1610-ல் முதல் டிவிடெண்ட் ஜாதிபத்திரியாக வந்தது. அதற்கு விலை வைத்ததும் கம்பெனிதான்! எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கப் போனால் சந்தை என்னாகும்? பங்குதாரர்கள் பலர் அதைப் பெற்றுக்கொள்ளவே மறுத்தார்கள்.

லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும் கட்டாயம் நிர்வாகத்தைக் கட்டுக்குள் வைக்கும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொடுக்கும் பணம் வியாபாரத்தில் சம்பாதித்ததாக இருந்தால்தான் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பொருள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்துத் துணி வாங்கிய இதே கம்பெனி, 18-ஆம் நூற்றாண்டில் கடன் வாங்கிக்கொண்டே டிவிடெண்ட் கொடுத்தது. ஆசியக் கணக்கும் தாய்நாட்டுக் கணக்கும் தனித்தனியாக இருந்ததால், உண்மை நிலைமை பங்குதாரர் கண்ணுக்கு எட்டவில்லை. 1780-ல் இங்கிலாந்துடன் போர் மூண்டதும் கப்பல்கள் எதிரியிடம் சிக்கின, கடன் குவிந்தது. 1799-ன் இறுதியோடு கம்பெனியே முடிந்தது.