அழகின் சந்தையிலிருந்து மீரா வரை

மதுரை மாநகரில், சிம்மக்கல்லிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், அனுமந்தராயன் கோயில் தெருவில் வீணை சண்முகவடிவு அம்மையார் வாழ்ந்த இல்லம் உண்டு. அவர்தம் மகள் சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்தார். பத்து வயதிலேயே அன்னையின் வீணையோடு அவர் குரல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. கச்சேரி மேடையில் அவர் பெற்ற பெரும்புகழ் யாவரும் அறிந்ததே. இக்கட்டுரை அவர் நடித்த நான்கு திரைப்படங்களைப் பற்றியது. அவற்றுள்ளும் நாம் மறந்துவிட்ட முதற் படத்தைப் பற்றியது.

பேசும் படம் இந்நாட்டிற்கு வந்தபோது அது பேசியதைவிடப் பாடியதே மிகுதி. 1931 மார்ச்சில் பம்பாயில் வெளியான ‘ஆலம் ஆரா’வில் முதற் பாடலைப் பாடித் தோன்றியவர் வசீர் முகம்மது கான், ஏற்றிருந்த வேடம் இரந்துண்ணும் ஃபக்கீர். அவ்வாண்டு அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. மறுவருடம் கல்கத்தாவின் மதன் கம்பெனியார் எடுத்த ‘இந்திர சபா’வில் எழுபது அளவிலான பாடல்கள் இருந்தன. வாஜித் அலீ ஷாவின் இலக்னோவில், அமானத் என்னும் உருதுக் கவிஞர் 1850களில் இயற்றிய இசை நாடகமே அதன் மூலம். அந்நாடகத்தைத் தூக்கிக்கொண்டு நாடெங்கும் சென்ற பார்சி நாடகக் குழுவினர் தமிழகத்திற்கும் வந்தார்கள். நம் நாடக மேடையில் ஆர்மோனியமும் பார்சி மெட்டும் புகுந்த வழி அதுவே. ஆகவே தமிழ்த் திரையுலகம் நடிகரைத் தேடும் முன் பாடகரைத் தேடியதில் வியப்பில்லை.

மேல்நாட்டில் நிலைமை வேறு. ஆல் பவுலி என்றொரு பாடகர். மொசாம்பிக்கில் பிறந்தவர், தந்தை கிரேக்கர், தாய் லெபனான் வழியினர். 1920களில் கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் நடன வாத்தியக் குழுக்களில் பாடிவிட்டு இலண்டன் சேர்ந்தார். இசைத்தட்டில் அவருக்கு ஈடில்லை என்ற காலத்திலும், 1930களின் தொடக்கத்து ஆங்கில நகைச்சுவைப் படங்களில் அவர் சில நிமிடங்களே வந்து, வாத்தியக் குழுவின் முன்நின்று பாடிவிட்டுப் போய்விடுவார். அங்கே விதூஷகன் வீட்டுக்காரன், பாடகன் விருந்தாளி. நம்மிடமோ பாடகர் வீட்டுக்காரர். விதூஷகர்தாம் இடையிடையே வந்துபோகும் விருந்தாளி. மதுரை ராயல் டாக்கி நிறுவனத்தாரின் ‘சிந்தாமணி’ 1937இல் தியாகராஜ பாகவதரின் பாட்டினால் ஓராண்டு ஓடியது. அதன் வருவாயில் இவ்வூரில் அப்பெயராலேயே ஒரு கொட்டகை எழுந்தது. இன்று அக்கொட்டகை இல்லை.

இத்தகைய வேளையில்தான் இயக்குநர் கே. சுப்ரமணியம் இருபத்தொரு வயதுச் சுப்புலட்சுமியை 1938இல் ‘சேவாசதனம்’ படத்தில் திரைக்குக் கொணர்ந்தார். புராணக் கதையொன்றில் தேவகன்னியாக நிறுத்திப் பாடச் சொல்லியிருந்தால் பணம் வந்திருக்கும். அவர் தேர்ந்ததோ பிரேம்சந்தின் புதினம். பிரேம்சந்த் அதனை முதலில் உருதுவில்தான் எழுதினார். பெயர் ‘பாஜாரே ஹுஸ்ன்’, அதாவது அழகின் சந்தை. உருதுப் பதிப்பாளர் எளிதில் வாய்க்காமையால், இந்தி வடிவமான ‘சேவாசதன்’ 1919இல் முந்திக்கொண்டது. உருது நூல் 1924இல்தான் அச்சேறியது. மூலம் பின்தங்கிப் பெயர்ப்பு முன்னேறிய விந்தை இது.

கதை எளியது, ஆயினும் கனமானது. வரதட்சிணைக்கு வகையின்றி, பொருந்தா மணவாளனுக்கு வாழ்க்கைப்படும் ஓர் இளம்பெண். ஓரிரவு காலந்தாழ்ந்து வீடு திரும்பியமைக்காகக் கணவன் அவளை வெளியே தள்ளிக் கதவடைக்கிறான். எந்தக் கண்ணியமான வீடும் அவளுக்கு இடம் தரவில்லை. ஆடல்பாடல் மகளிரின் வீடு இடம் தருகிறது. நூலிலே இதன்பின் காசி நகர்மன்ற உறுப்பினர்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, அம்மகளிரை நகருக்கு வெளியே அகற்றுவது பற்றி நெடுநேரம் வாதிடுகிறார்கள். அக்கனவான்களில் பலர் அந்த மாடிப்படிகளை அறியாதவர் அல்லர். பிரேம்சந்தின் எள்ளல் அவ்விடத்தில் கூர்மையானது.

வடநாட்டில் அம்மகளிரைத் ‘தவாயிஃப்’ என்பர். இச்சொல் அரபு. ‘தாயிஃபா’ என்றால் கூட்டம், குழு. அதன் பன்மை ‘தவாயிஃப்’. பாடுவோரும் ஆடுவோரும் வாத்தியக்காரருமாகச் சேர்ந்த குழுவைக் குறித்திருக்க வேண்டிய பன்மைச் சொல், காலப்போக்கில் ஒருத்தியின் மேல் விழுந்து, பின்னர் வசையாகவும் ஆயிற்று. தமிழில் ‘தேவரடியார்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

சண்முகவடிவு அம்மையார் பிறந்த மரபும் கோயிற் கலையைக் காத்த அந்த மகளிர் மரபே. கணவனால் துரத்தப்பட்டுப் பாடல் மகளிர் வீட்டை அடையும் சுமதியாக, அதே மரபில் உதித்த பெண் நடித்தார். இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. ஊரார் தன் பிறப்பைப் பற்றி என்ன முணுமுணுப்பர் என்பது அவருக்குத் தெரியாததா? தெரிந்தும் அவ்வேடத்தை ஏற்றார். கணவனாக நடித்தவர் திருச்சி எஃப். ஜி. நடேசய்யர், இசை பாபநாசம் சிவன். அம்மேதை சுப்புலட்சுமியின் நான்கு படங்களில் துணிவு மிக்கது இதுவே என்பது என் கருத்து. ‘மீரா’வை உயர்த்துவோர் என்னோடு மாறுபடலாம்.

இங்கே எகிப்தின் உம்மு குல்தூம் நினைவுக்கு வருகிறார். சிற்றூர்ப் பள்ளிவாசல் இமாமின் மகள். சிறுமியாக இருக்கையில் தந்தை அவருக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்தே பாட அழைத்துச் சென்றார். அவரும் இதே ஆண்டுகளில் ஆறு படங்களில் நடித்தார். முதற் படம் 1936இல் வந்த ‘விதாத்’. வணிகன் ஒருவனின் அடிமைப் பாடகி விதாத். அவன் நொடித்தபோது தன்னையே விற்றுக் கடனடைக்கும்படி வேண்டுகிறாள். 1940இல் ‘தனானீர்’, பர்மக்கியர் மாளிகைப் பாடகி. 1945இல் ‘சல்லாமா’, உமையாக்கள் காலத்துப் பாடகி. பின்னிருவரின் வரலாறும் பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானி தொகுத்த ‘கிதாபுல் அகானி’யில் இருப்பதை அரபு கற்றோர் அறிவர். ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாமலே, மதுரைப் பெண்ணும் நைல் நாட்டுப் பெண்ணும் விலைபொருளாக்கப்பட்ட பாடகியின் கதையோடு திரையில் அடியெடுத்து வைத்தார்கள். பாடும் பெண்ணுக்குச் சமூகம் தந்த இடம் எது என்னும் வினாவை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் அவளுக்கு ஒரு வேடம் எழுதவும் அன்று இயலவில்லை போலும்.

அடுத்த இரு படங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1940இல் ‘சகுந்தலை’, துஷ்யந்தன் ஜி. என். பாலசுப்பிரமணியம். இயக்கியவர் எல்லிஸ் டங்கன், தமிழறியாத அமெரிக்கர். என். எஸ். கிருஷ்ணனும் டி. எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து, மேலே சொன்ன விருந்தாளிக் கடனைச் செவ்வனே செய்தனர். 1941இல் ‘சாவித்திரி’. நாயகி புனே சாந்தா ஆப்தே. சுப்புலட்சுமியோ நாரதர், ஆண் வேடம்! கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் தொடங்கவிருந்த ‘கல்கி’ இதழின் முதலுக்காக ஏற்ற வேடம் அது. உம்மு குல்தூமின் சிறுவயது உடையை இங்கே மீண்டும் எண்ணிக்கொள்ளலாம்.

1945 தீபாவளிக்கு வந்த ‘மீரா’வும் டங்கன் இயக்கியது. ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து, சுப்புலட்சுமியின் தலையைச் சுண்ணச் சிலையாக வடித்து, அதன்மேல் பலவாறு ஒளி பாய்ச்சிப் பார்த்தபின்னரே அவர் படப்பிடிப்பில் இறங்கினார். எஸ். வி. வெங்கட்ராமனின் இசை இன்றும் ஒலிக்கிறது. அக்பர் சக்கரவர்த்தியின் அவையினர் மாறுவேடத்தில் வந்து மீராவின் பாட்டைக் கேட்டு முத்துமாலை அளிக்கும் காட்சியும் உண்டு. கதை இனிது, காலம் ஒவ்வாது. மீரா மறைந்தது 1547 அளவில் என்பர். அக்பர் பிறந்தது 1542இல். ஐந்து வயதுக் குழந்தை எவ்வாறு முத்துமாலை அனுப்பும்? ஆனால் பேரரசனும் அடியாளும் பாட்டின் முன் சந்தித்திருக்க வேண்டும் என்று வடநாட்டு மக்கள் நெடுங்காலமாக ஆசைப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

சுமதியில் எழுந்த வினா மீராவில் எழவில்லை. மீராவும் வீட்டைத் துறந்து வீதியில் பாடியவளே. ஆயினும் அவளைப் பார்த்து யாரும் கதவடைக்கத் துணியார், பக்தி அவளுக்குக் காப்பு. மேடையில் பாடும் பெண்ணைக் குடும்பங்கள் கூசாமல் ஏற்க அப்படம் பேருதவி செய்தது உண்மை. சுமதிக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. அவளைக் கண்டவர் தம் வீட்டுக் கதவைத் தாமே நினைத்துப் பார்க்க நேர்ந்தது.

1947இல் கெய்ரோவில் ‘ஃபாத்திமா’ வெளிவந்தது. அதில் உம்மு குல்தூம் ஒரு மருத்துவத் தாதி. அதுவே அவருடைய கடைசிப் படம். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில்தான் ‘மீரா’வின் இந்திப் பதிப்பும் வந்தது. அதன் முகப்பில் சரோஜினி நாயுடு தோன்றிச் சுப்புலட்சுமியை வடநாட்டார்க்கு அறிமுகம் செய்தார். அதன்பின் அவர் வேறு படத்தில் நடிக்கவில்லை. வடநாட்டார் அவரை மீராவாகவே அறிந்தனர். அவர்களுடைய பிரேம்சந்தின் நாயகியாக அவர் நடித்தது தமிழில் மட்டுமே.